அப்கிரேடு செய்ததும் திரை ஏன் மந்தமாகிறது? கிராபிக்ஸ் டிரைவர் பற்றி ஓர் எளிய விளக்கம்

லேப்டாப்பில் இயங்குதளத்தை அப்கிரேடு செய்கிறீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத்தான் தெரிகிறது. கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, வைஃபை கிடைக்கிறது, பழைய மென்பொருள்கள் திறக்கின்றன. ஆனால் திரையில் ஏதோ சரியில்லை. ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால் விட்டு விட்டு நகர்கிறது. முன்பு கண்ணாடி போல் பின்னால் இருப்பதைக் காட்டிய மெனு இப்போது வெறும் சாம்பல் நிறமாக நிற்கிறது. எழுத்துகள் பெரிதாக, கலங்கலாகத் தெரிகின்றன. ஒரு சாதாரண வீடியோவுக்கே விசிறி இரையத் தொடங்குகிறது.

இதைப் பார்த்ததும் பலரும் வந்து சேரும் முடிவு, லேப்டாப் பழசாகிவிட்டது, புதிய பதிப்பை இது தாங்காது என்பது. சிலர் சிப் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே உண்மையில்லை. நேற்று வரை வேலை செய்த கிராபிக்ஸ் சிப் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. அதை வேலை வாங்கத் தெரிந்த மென்பொருளான டிரைவர்தான் அப்கிரேடின்போது விடுபட்டுப் போயிருக்கிறது, அல்லது புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் நிற்கிறது. நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பை இந்தக் காரணத்துக்காக ஓரங்கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திரையை வரைவது யார்?

முதலில் ஒரு கணக்கு. இன்றைய சாதாரண லேப்டாப் திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 புள்ளிகள் இருக்கும். மொத்தம் 20,73,600 புள்ளிகள். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. அப்படியென்றால் ஒவ்வொரு நொடியும் சுமார் 12.4 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானமாக வேண்டும். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி பைட். ஒரு முழுப் படத்தை முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி மட்டுமே. அதற்குள் முடியவில்லை என்றால் அந்தப் படம் தவறிப்போகும். நம் கண்ணுக்கு அது இழுபறியாகத் தெரியும்.

லேப்டாப்பின் மையச் செயலியால் இந்த வேலையைச் செய்யவே முடியாது என்றில்லை. ஆனால் அது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பலவகை வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகச் செய்வதற்காக வடிவமைக்கப்பட்டது. கிராபிக்ஸ் சிப்போ ஒரே மாதிரியான சிறு கணக்கை ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் போடுவதற்காகவே செய்யப்பட்டது. நிழல், மங்கல், ஒளிபுகும் தன்மை எல்லாமே இத்தகைய கணக்குகள்தான்.

உதாரணத்துக்கு மெனுவுக்குப் பின்னால் தெரியும் அந்த மங்கலான கண்ணாடி விளைவை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளியை மங்கலாக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள பல புள்ளிகளின் நிறத்தையும் படித்துச் சராசரி எடுக்க வேண்டும். இதையே மெனு மூடியிருக்கும் பரப்பு முழுவதற்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் செய்ய வேண்டும். பின்னால் வீடியோ ஓடினால் ஒவ்வொரு படத்துக்கும் மறுபடி முதலிலிருந்து. கிராபிக்ஸ் சிப் இதைச் சுலபமாக முடித்துவிடும். மையச் செயலியின் தலையில் கட்டினால் விசிறி சுற்ற ஆரம்பித்துவிடும்.

இந்த வேலையை ஒருங்கிணைக்கும் மென்பொருளைக் கம்பாசிட்டர் என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தன் விண்டோவை நேரடியாகத் திரையில் வரைந்தது. ஒன்று நகர்ந்தால் அதற்கு அடியில் இருந்தது தன்னை மறுபடி வரைந்தாக வேண்டும். அதற்கு நேரம் எடுத்தால் திரையில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். இப்போது ஒவ்வொரு மென்பொருளும் நினைவகத்தில் தனித்தனித் தாளில் வரைந்து வைத்துவிடுகிறது. கம்பாசிட்டர் அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிழலும் மங்கலும் சேர்த்து, ஒரே படமாகத் திரைக்கு அனுப்புகிறது. அடுக்கும் வேலையைச் செய்வது கிராபிக்ஸ் சிப்.

மேக் இந்த வேலையை 2002-லேயே கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்தது. இலவச இயங்குதளமான லினக்ஸில் 2006-ல் காம்பிஸ் என்ற கம்பாசிட்டர் வந்தது. கனசதுரம் போலச் சுழலும் டெஸ்க்டாப்பையும் ஜெல்லி போல ஆடும் விண்டோக்களையும் பார்த்துவிட்டு லினக்ஸ் பக்கம் வந்தவர்கள் ஏராளம். 2007 ஜனவரியில் வெளியான விண்டோஸ் விஸ்டா, ஏரோ என்ற கண்ணாடித் தோற்றத்தோடு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த உபுண்டு என்ற லினக்ஸின் 7.10 பதிப்பு, பொருத்தமான சிப் இருந்தால் காம்பிஸைத் தானாகவே இயக்கியது. விண்டோஸ் 8-லிருந்து கம்பாசிட்டரை நிறுத்தவே முடியாது. லினக்ஸில் பரவலாக உள்ள டெஸ்க்டாப்பான க்னோமும் இன்று அது இல்லாமல் இயங்காது. அதாவது, அலங்காரமாக உள்ளே வந்த ஒன்று இன்று திரையின் அடித்தளமாகிவிட்டது. டிரைவர் போனால் அழகு மட்டும் போகாமல் மொத்தத் திரையும் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

டிரைவர் என்ன செய்கிறது?

இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றின் சிப்புகளுக்கு உள்ளே புரியும் கட்டளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே நிறுவனத்தின் 2 தலைமுறைச் சிப்புகள்கூட ஒன்றுபோல் இருக்காது. கம்பாசிட்டரையோ கேமையோ எழுதுபவர்கள் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் டைரக்ட்எக்ஸ், ஓபன்ஜிஎல், வல்கன், மெட்டல் போன்ற பொதுவான முறைகளில் ஏதாவது ஒன்றில் எழுதுகிறார்கள். அதை வாங்கி, அந்தக் குறிப்பிட்ட சிப்புக்கு உரிய கட்டளைகளாக மாற்றித் தருவது டிரைவர்.

வேலை அதோடு முடிவதில்லை. திரையின் உண்மையான அளவு என்ன, எத்தனை ஹெர்ட்ஸில் ஓட வேண்டும், சிப்புக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்க வேண்டும், எப்போது வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும், பிரைட்னஸ் எவ்வளவு, மூடியைச் சாத்தினால் எப்படித் தூங்குவது, எச்டிஎம்ஐ கேபிள் செருகினால் என்ன செய்வது என்று எல்லாவற்றிலும் டிரைவருக்குப் பங்கு உண்டு. டிரைவர் இல்லாத லேப்டாப்பில் பிரைட்னஸ் பட்டன் வேலை செய்யாமல் போவதும், வெளி மானிட்டர் கண்டுகொள்ளப்படாமல் இருப்பதும், ஸ்லீப் என்ற வாய்ப்பே மெனுவிலிருந்து காணாமல் போவதும் இதனால்தான். வெவ்வேறு கோளாறுகள் போலத் தோன்றினாலும் இவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்.

டிரைவருக்கு 2 பகுதிகள் உண்டு. ஒன்று இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் உட்கார்ந்து சிப்போடு நேரடியாகப் பேசும். இன்னொன்று மென்பொருள்களின் பக்கம் இருந்து அவை கேட்பதைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும். அப்கிரேடில் அடிபடுவது பெரும்பாலும் முதல் பகுதி.

அப்கிரேடு ஏன் இதைக் கலைக்கிறது?

லினக்ஸ் கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் வைத்திருப்போம் என்று கெர்னலை உருவாக்குபவர்கள் உறுதி தருவதில்லை. தெரிந்தே எடுத்த முடிவு அது. கெர்னலோடு சேர்ந்தே வளரும் இன்டெல், ஏஎம்டி திறந்த மூல டிரைவர்களுக்கு (மூல நிரல் எல்லோருக்கும் கிடைப்பவை) இதனால் பாதிப்பில்லை, மாற்றம் செய்பவர்களே அவற்றையும் சேர்த்துத் திருத்திவிடுவார்கள். கெர்னலுக்கு வெளியே இருந்து வரும் டிரைவர், முக்கியமாக என்விடியா தன் உரிமையில் வைத்திருக்கும் தனியுரிம டிரைவர், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி பொருத்தப்பட வேண்டும். அந்தப் பொருத்தம் எங்காவது தவறினால் அடுத்த முறை லேப்டாப் டிரைவர் இல்லாமலே எழுந்திருக்கும்.

விண்டோஸில் நிலைமை கொஞ்சம் மேல். விஸ்டா காலத்திலிருந்து டிரைவர்களுக்கு டபிள்யூடிடிஎம் என்ற வரையறை இருக்கிறது. விண்டோஸ் 10 வந்தபோது அது 2.0 ஆனது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சத் தகுதிகளில் டைரக்ட்எக்ஸ் 12-க்கு ஏற்ற சிப்பும், டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவரும் அடங்கும். அப்கிரேடு செய்யும்போது பழைய டிரைவர் இந்த வரையறைக்குள் வந்தால் அப்படியே எடுத்துச் செல்லப்படும். வராவிட்டால் அது கைவிடப்பட்டு, இணையம் வழியாகப் புதியது தேடப்படும். புதியது இருந்தால் பிரச்சினையில்லை.

இல்லாமலும் போகலாம், அதுதான் சிக்கல். இன்டெலின் ஆட்டம் இசட்2760 என்ற சிப் கொண்ட சிறிய விண்டோஸ் கருவிகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றின் கிராபிக்ஸ் பகுதி இமேஜினேஷன் டெக்னாலஜீஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் வடிவமைப்பு. 2017-ல் விண்டோஸ் 10-க்கான கிரியேட்டர்ஸ் அப்டேட் வந்தபோது இந்தச் சிப்புக்குப் புதிய டிரைவர் இல்லை. அப்கிரேடு செய்தால் ஐகான்களும் எழுத்துகளும் தெரியாமலோ வெறும் வண்ணக் கட்டங்களாகவோ வரக்கூடும் என்பதால் அந்தக் கருவிகளுக்கு அப்கிரேடே நிறுத்தப்பட்டது. பழைய பதிப்பிலேயே வைத்து 2023 ஜனவரி வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மற்ற எந்தப் பாகத்திலும் குறை இல்லை. ஒரு டிரைவரை எழுத ஆளில்லாமல் போனதால் அத்தனை கருவிகளும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன.

லினக்ஸ் பக்கமும் இது நடந்திருக்கிறது. 2009-ல் ஏஎம்டி தன் தனியுரிம டிரைவரில் பழைய ரேடியான் சிப்புகளுக்கான ஆதரவை நிறுத்தியது. அந்த ஏப்ரலில் வந்த உபுண்டு 9.04-ல் பழைய டிரைவரும் ஓடவில்லை. திறந்த மூல டிரைவர் இருந்ததால் அந்த லேப்டாப்புகள் தப்பித்தன. டிரைவரின் மூல நிரல் எல்லோர் கையிலும் இருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. நிறுவனம் விலகிக்கொண்டாலும் வேறு யாராவது அதைத் தொடர முடியும்.

டிரைவர் இல்லாதபோது திரை எப்படித் தெரிகிறது?

டிரைவர் இல்லையென்றால் திரை கருப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லேப்டாப்பை ஆன் செய்ததும் அதன் அடிப்படை மென்பொருளான யுஇஎஃப்ஐ, திரைக்கு எளிமையான ஒரு படப்பரப்பைத் தயார் செய்து வைக்கிறது. சரியான டிரைவர் கிடைக்காதபோது இயங்குதளம் அந்தப் பரப்பிலேயே வரைந்து சமாளிக்கிறது. சிப்பின் வேகம் எதுவும் அதற்குக் கிடைக்காது. நிழல், மங்கல், அசைவு என்று முன்பு சிப் செய்த எல்லாவற்றையும் மையச் செயலி கணக்குப் போட்டு வரைய வேண்டும். விசிறி இரைவது அந்தச் சுமையால். எழுத்து கலங்கலாக இருப்பதற்குக் காரணம், திரையின் உண்மையான அளவுக்குப் பதிலாக 1024-க்கு 768 போன்ற ஒரு பொது அளவில் படம் வந்து இழுத்து நீட்டப்படுவது.

சரி, நம் லேப்டாப் இந்த நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேட வேண்டியது ஒரே ஒரு பெயர்தான்.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டன்மேல் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று சிப்பின் பெயர் இருந்தால் டிரைவர் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் டிரைவர் இல்லை, தற்காலிக ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் இருந்தும் தொடங்க முடியவில்லை என்று பொருள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராபிக்ஸ் சிப்பைக் குறிக்கும் ஜிபியு என்ற பகுதியே இல்லாமல் இருப்பதும் ஓர் அறிகுறி.

க்னோம் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸில் அபவுட் பக்கத்துக்குப் போனால் கிராபிக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். சில பதிப்புகளில் சிஸ்டம் டீட்டெயில்ஸ் என்பதை அழுத்த வேண்டியிருக்கும். அந்த வரி எல்எல்விஎம்பைப் என்று தொடங்கினால் வரைந்துகொண்டிருப்பது மையச் செயலி. எல்எல்விஎம்பைப் என்பது சிப்பே இல்லை; சிப் செய்வதை மென்பொருளாகவே செய்துகாட்டும் ஒரு கருவி. இந்த நிலையில் க்னோம் தன் அசைவுகளைத் தானாகவே நிறுத்திவிடும். விளைவுகள் காணாமல் போன மர்மம் அத்தோடு விடுபடும்.

சில லேப்டாப்புகளில் 2 கிராபிக்ஸ் சிப்புகள் இருக்கும். ஒன்று மையச் செயலியோடு சேர்ந்தது, சாதாரண வேலைக்கு. இன்னொன்று தனியானது, கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும். டிவைஸ் மேனேஜரில் 2 பெயர்களும் தெரிய வேண்டும். தனிச் சிப்பின் டிரைவரை மட்டும் நிறுவிவிட்டு, மற்றதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. டெஸ்க்டாப்பை வழக்கமாக வரைவது அந்த மறந்துபோன சிப்தான்.

சரிசெய்வது

விண்டோஸில் முதலில் கொஞ்சம் பொறுமை தேவை. அப்கிரேடு முடிந்த உடனே டிரைவர் பின்னணியில் இறங்கிக்கொண்டிருக்கலாம். லேப்டாப்பை இணையத்தோடு இணைத்துச் சிறிது நேரம் விட்டுவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் வராவிட்டால் விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போங்கள். கிராபிக்ஸ் டிரைவர் பல சமயம் அங்கே காத்திருக்கும்.

அதற்கடுத்த இடம் லேப்டாப் தயாரிப்பாளரின் தளம். சிப் தயாரிப்பாளரின் தளத்தில் இன்னும் புதிய டிரைவர் இருக்கலாம். ஆனாலும் பிரைட்னஸ் பட்டன், 2 சிப்புகளுக்கு இடையே மாறுவது போன்ற விஷயங்களில் லேப்டாப் தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்றே சோதித்துத் தந்திருப்பது பாதுகாப்பானது. அங்கே உங்கள் பதிப்புக்கு எதுவும் இல்லையென்றால் சிப் தயாரிப்பாளரிடம் போகலாம். டிரைவர்களைத் தானே தேடித் தருவதாகச் சொல்லும் மூன்றாம் நபர் மென்பொருள்களை மட்டும் நாடாதீர்கள். கெர்னலுக்குள் உட்காரப்போகும் ஒன்றை யாரென்று தெரியாதவரிடமிருந்து வாங்குவது பெரிய ஆபத்து.

டிரைவர் இருந்தும் புதியது வந்த பிறகே கோளாறு என்றால், டிவைஸ் மேனேஜரில் சிப்பின் பெயரை வலது கிளிக் செய்து ப்ராபர்டீஸில் டிரைவர் பக்கத்துக்குப் போங்கள். ரோல் பேக் டிரைவர் என்ற பட்டன் பழையதைத் திரும்பக் கொண்டுவரும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அப்கிரேடு செய்த 10 நாட்களுக்குள் முழுப் பதிப்பையுமே பழையதற்குத் திருப்ப வழி உண்டு. ரெக்கவரி பக்கத்தில் கோ பேக் என்று இருக்கும். அந்த நாட்கள் கடந்துவிட்டால் பட்டன் பயன்படாது. அதனால் திரை சரியில்லை என்று தெரிந்தால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி சிப் என்றால் பொதுவாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. என்விடியா என்றால் உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற கருவி, பரிந்துரைக்கப்படும் பதிப்பைக் காட்டும். பழைய சிப்புகளுக்குப் பழைய வரிசை டிரைவர்தான் பொருந்தும், அவற்றின் ஆதரவு ஒவ்வொன்றாக முடிந்து வருகிறது. ஜீஃபோர்ஸ் 400, 500 வரிசைச் சிப்புகளுக்கான 390 வரிசை டிரைவரின் ஆதரவு 2022 கடைசியோடு முடிந்தது. அத்தகைய சிப்புகளுக்கு நூவோ என்ற திறந்த மூல டிரைவர் இருக்கிறது. வேகம் குறைவு, ஆனால் டெஸ்க்டாப் விளைவுகளுக்குப் போதும்.

என்விடியா விஷயத்தில் பலர் இடறும் இடம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே அனுமதிக்கும் பாதுகாப்பு வசதி. கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து, புதிய சாவியைச் சேர்க்கவா என்று சில நொடிகள் காத்திருக்கும். அதில் என்ரோல் என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். ஏதோ பிழை என்று நினைத்துக் கடந்துவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். எல்லாம் சரியாகச் செய்தும் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த நீலத் திரையைப் பற்றித்தான்.

டிரைவர் சரி, ஆனாலும் விளைவுகள் இல்லை

அப்புறம், டிரைவரின் மேல் பழி போட முடியாத நேரங்களும் உண்டு. விண்டோஸ் 11-ல் அக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போனால் ஒளிபுகும் தன்மைக்கும் அசைவுகளுக்கும் தனித்தனி சுவிட்சுகள் இருக்கின்றன. பேட்டரி சேவர் (புதிய பதிப்புகளில் எனர்ஜி சேவர்) ஓடும்போது ஒளிபுகும் விளைவு தானாகவே நின்றுவிடும். சார்ஜரைச் செருகிப் பார்ப்பது நல்லது.

புதிய பதிப்பே அந்த விளைவை நீக்கியிருக்கலாம். விஸ்டா, 7 காலத்துக் கண்ணாடி விண்டோஸ் 8-ல் இல்லை. உபுண்டுவின் யூனிட்டி டெஸ்க்டாப் காம்பிஸ் மேல் கட்டப்பட்டது. 2017 அக்டோபரில் வந்த 17.10 க்னோமுக்கு மாறியபோது காம்பிஸின் விளைவுகளும் போயின. லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவில் நீக்கப்பட்டிருந்த சுழலும் கனசதுரம் 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6-ல் திரும்ப வந்தது. இந்த மாற்றங்களுக்கு டிரைவரைத் தோண்டுவதில் பயனில்லை.

வேகம் வேண்டுமானால் எல்லா விளைவுகளையும் அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரைவர் சரியாக இருந்தால் இந்த விளைவுகளின் சுமை மிகக் குறைவு; பழைய சிப்பில் மங்கல் விளைவை மட்டும் நிறுத்தினால் போதும். டிரைவர் இல்லாதபோது எல்லாவற்றையும் அணைப்பது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மறைப்பது. லேப்டாப் கொஞ்சம் சுறுசுறுப்பானது போல் தோன்றும், ஆனால் வீடியோ பார்க்கும்போதும் மானிட்டர் செருகும்போதும் பழைய தொல்லை அப்படியே இருக்கும். அசைவுகளைப் பார்த்தால் தலைசுற்றல் வருபவர்கள் அணைப்பது வேறு விஷயம். அந்தச் சுவிட்சுகள் முக்கியமாக அவர்களுக்காகத்தான் இருக்கின்றன.

அடுத்த அப்கிரேடுக்கு முன் டிவைஸ் மேனேஜரிலோ அபவுட் பக்கத்திலோ உள்ள சிப்பின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, புதிய பதிப்புக்கு அதன் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் இன்னும் சுலபம். புதிய பதிப்பை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டி, கிராபிக்ஸ் வரியில் என்ன பெயர் வருகிறது என்று பார்த்துவிடலாம். விண்டோக்களை இழுத்துப் பாருங்கள், மூடியைச் சாத்தித் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் நிறுவிய பிறகும் பெரும்பாலும் சரியாக இருக்கும். என்விடியாவின் தனியுரிம டிரைவரை மட்டும் பிறகு தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம்.

எந்தப் பக்கமும் டிரைவர் இல்லாத மிகப் பழைய சிப் என்றால், பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கும் வரை இப்போதுள்ள பதிப்பிலேயே இருங்கள். அதுவும் முடிந்துவிட்டால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப் கொண்ட லினக்ஸுக்கு மாறலாம். அதில் கம்பாசிட்டரையே அணைத்து வைக்கும் வசதி இருக்கிறது. கண்ணாடியும் நிழலும் இருக்காது, ஆனால் எழுதவும் படிக்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் அந்த லேப்டாப் தாராளமாக உதவும்.